மண்ணுக்குத் தெலுங்கு தெரியாது

சிந்தலப்பட்டடையில் பாரதத் திருவிழாவுக்காகத் தரையில் மல்லாத்திச் செய்து வைத்திருந்த மண் துரியோதனன், வைகாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், தோத்தாபுரி மாங்காய் விலை இன்னும் கொஞ்சம் இறங்கிய அதே வேளையில், மூச்சுவிட ஆரம்பித்தான். முதலில் கவனித்தவை கோழிகள். அவன் வயிற்றின்மேல் ஏறிப் புழு கிளறிக்கொண்டிருந்த கோழிகள், வயிறு மேலே போனபோது மேலே போயின, கீழே வந்தபோது கீழே வந்தன. பழவேற்காட்டு ஏரியில் முதல்முறை படகு ஏறிய பட்டணத்துக்காரர்கள் மாதிரி தலைசுற்றி வரிசையாக உட்கார்ந்துவிட்டன. அடுத்துக் கவனித்தவன் டீக்கடை சம்பத். ஒரு கிளாஸ் டீயை ஆறட்டும் என்று மண் மீசைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் திரும்பியவன், டீயின்மேல் படிந்த ஆடை விலகுவதையும் சேருவதையும், மறுபடி விலகுவதையும் சேருவதையும் பார்த்தான். காற்று இல்லை. அன்றைக்கு ஆந்திராவிலேயே காற்று இல்லை. சம்பத் கிளாஸை எடுக்கவில்லை, கடையைச் சாத்தவில்லை. நேரே வீட்டுக்குப் போய்க் கதவை மூடி, கதவுக்கு அண்டையாக அம்மிக்கல்லை நகர்த்தி, அம்மிக்கல்லின்மேல் தன் மாமியாரை உட்காரவைத்தான் என்கிறார்கள். மாமியார் இதை மறுக்கிறார், தானாகத்தான் உட்கார்ந்தாராம்.

எங்களூர்ப் பாரதத்தைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. வெயில் உச்சத்தில் இருக்கும்போதுதான் திருவிழா. பகலில் ஒருவர் ஆர்மோனியத்தோடு உட்கார்ந்து பாரதம் சொல்வார், ராத்திரி கூத்து நடக்கும், கடைசி நாள் காலையில் படுகளம். தர்மராஜா கோயிலுக்கு எதிர்த் திடலில் துரியோதனனை ஏரி மண்ணால் செய்து, தொடைக்குள் குங்குமம் கரைத்த பானையைப் புதைத்து வைத்திருப்போம். துரியோதனன் வேஷக்காரர் கடைசிப் பாட்டைப் பாடிவிட்டு அந்தத் தொடையோரம் போய்ப் படுப்பார். பீமன் வேஷக்காரர் கதாயுதத்தை ஓங்கி மண் தொடையில் போடுவார். பானை உடையும். அதுவரை தலையை விரித்துப் போட்டிருக்கும் திரௌபதி அந்தச் சிவப்பைத் தொட்டுக் கூந்தலை முடிவாள். திரௌபதி வேறு யாருமில்லை, டீக்கடை சம்பத்தான். அவன் வேஷத்துக்காக வருஷம் முழுக்க முடி வளர்க்கிறவன், திருவிழா நாட்களில் தலைவிரி கோலமாகவே டீ ஆற்றுவான். கூந்தல் முடிந்த அடுத்த நொடி, தமிழ்க்காரர் தெலுங்குக்காரர் என்று பேதமில்லாமல் கூட்டம் பாய்ந்து ஆளுக்கு ஒரு பிடி துரியோதனனை அள்ளிக்கொண்டு ஓடும். அந்த மண்ணை அரிசி டிரம்மில் போட்டுவைத்தால் வருஷம் முழுக்க அரிசி குறையாது. சாயங்காலம் தீ மிதி. அவ்வளவுதான் பாரதம்.

அந்த வருஷம் துரியோதனன் கொஞ்சம் பெரியவனாகிவிட்டான். பக்கத்து ஊர்க்காரர்களின் துரியோதனன் நம்முடையவனைவிட ஒரு முழம் நீளம் என்று யாரோ செல்போனில் படம் காட்டிவிட்டார்கள். இளக்காரத்தைப் பொறுக்க முடியாமல் கமிட்டியார் டிராக்டர் டிராக்டராக மண் அடித்தார்கள். மாவட்டத்தைப் பிரித்தபோது கோடு எங்கள் திடலின் நடுவாகப் போயிருந்ததால், அவன் தலை சித்தூர் மாவட்டத்திலும் கால் திருப்பதி மாவட்டத்திலுமாகப் படுத்திருந்தான். எல்லைக் கல்லைப் பிடுங்கக் கூடாது என்பதால் அது அவனுடைய தொப்புளாக நின்றது. அவன் மூக்குத் துவாரத்தில் ஸ்கூட்டி நிறுத்தலாம். நிறுத்தியவர்கள் உண்டு.

ஏன் மூச்சுவிட்டான் என்பதில் ஊருக்கு இப்போது இரண்டு அபிப்பிராயம் இல்லை. துரியோதனன் வேஷம் எப்போதும் பூவராகவனுக்கு. நகரியில் பவர்லூம் ஓட்டுகிறவர், தறிச் சத்தத்தை மீறிப் பேசிப் பேசிக் குரல் கொம்பு மாதிரி ஆனவர். திங்கட்கிழமைக் கூத்து முடிந்த அசதியில் அவர் வேஷத்தைக்கூடக் கலைக்காமல் பந்தல் நிழலில், மண் தலைக்குப் பக்கத்திலேயே, வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போனார். உருவம் செய்கிறவன் தாமோதரன். வருஷமெல்லாம் ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனி லைனில் நின்று ஏசி பெட்டிக்குப் பாகம் பாகமாகப் பூட்டுகிறவன், கோடையில் லீவு போட்டு வந்து மண் பிசைவான். எப்போதும் ஒரே முகம்தான் செய்வான்: முட்டைக் கண், முறுக்கு மீசை. அன்றைக்குப் பக்கத்திலேயே ஒரு முகம் படுத்திருந்ததால், கை தன் பாட்டுக்கு அதைப் பார்த்துப் பூட்டிவிட்டது. வலது புருவத்தில் வெட்டு, இடது கன்னத்தில் மச்சம், முன்பல்லில் உடைந்த மூலை எல்லாம் வந்துவிட்டன. அந்த நேரம் காரில் வந்து இறங்கினார் கமிட்டித் தலைவி ரத்னம்மா. மாங்கூழ் பேக்டரிக்காரர், தமிழ் புரியும், வாயில் வருவது தெலுங்கு. மண் முகத்தைப் பார்த்தார், தூங்குகிற முகத்தைப் பார்த்தார், அலறினார்: "ஏமய்யா தாமோதரா! இதி மன பூவராகவன் முகம் கதா! ஆகு! ஆகு! ஆகு!"

இது நம் பூவராகவன் முகமல்லவா என்கிறார். ஆகு என்றால் தெலுங்கில் நிறுத்து. தாமோதரன் நிறுத்திவிட்டான். ஆனால் எங்களூர் ஏரி அந்த வருஷம் பாறையாகக் காய்ந்துபோனதால், மண் எல்லை தாண்டித் திருத்தணிப் பக்கத்திலிருந்து, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், அள்ளி வந்த தமிழ் மண். அதற்குத் தெலுங்கு தெரியாது. கார் வைத்திருக்கிற ஒரு பெரிய மனுஷி ஆகு ஆகு என்று திரும்பத் திரும்ப உத்தரவு போட்டால் அது என்ன செய்யும்? ஆனது. என்னவாக ஆவது என்பதிலும் அதற்குக் குழப்பம் இல்லை. முகத்தில்தான் போட்டிருந்ததே.

சிறுத்தைக்குப் பயப்பட்டிருக்கிறோம், சேலை விற்காத வருஷத்துக்குப் பயப்பட்டிருக்கிறோம். இந்தப் பயம் வேறு ஜாதி. சாவு விழுந்த ஊர் மாதிரி எல்லாரும் தறிகளை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தார்கள். நிறுத்தியதுதான் தப்பு. பிறந்ததிலிருந்து காதை அடைத்துக்கொண்டிருந்த சத்தம் போனதும், மூச்சு கேட்டது. எந்தத் தெருவில் நின்றாலும் கேட்டது. அவன் இழுக்கும்போது கொடியில் காயும் துணிகள் திடலின் பக்கம் சாய்ந்தன, விடும்போது திரும்பின. ஈரமான, ஏரி அடி வாசனை அடிக்கும் மூச்சு. பொழுது சாய்வதற்குள் ஊரே அவன் இழுக்கும்போது இழுத்து, விடும்போது விட்டுக்கொண்டிருந்தது. பிடிவாதமாகத் தனியாக மூச்சுவிட்டுப் பார்த்தவர்களுக்கு விக்கல் எடுத்தது. புதனன்று இட்லி மாவு புளிக்கவில்லை. வியாழனன்று நாய்கள் குரைக்க வாயைத் திறந்து, யோசித்து, மூடிக்கொண்டன. இரண்டு பக்கத்து அதிகாரிகளுக்கும் போன் போட்டோம். இரண்டு பக்கத்திலும் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான்: தலையா, காலா? தலை மூச்சுவிடுகிறது என்றால் கால்காரர்கள் நிம்மதியானார்கள். காலும் ஆடுகிறது என்றபோது தலைக்காரர்கள் போனை வைத்தார்கள். டேங்கர் கொண்டுவந்து தண்ணீர் அடித்துக் கரைத்துப் பார்த்தோம். அவன் முழு டேங்கரையும் குடித்துவிட்டு ஏப்பம் விட்டான். அந்த ஏப்பத்தில் புத்தூர் பஸ் ஒரு ஸ்டாப் முன்னால் போய் நின்றது.

ஆனால் உண்மையான பயம் திடலில் இல்லை, மேட்டுத் தெருவில் பூவராகவன் வீட்டில் இருந்தது. அதே செவ்வாய்க்கிழமை மத்தியானம் தூங்கி எழுந்து வந்தவரை அவர் மனைவி கன்னிகா குளிக்க உட்காரவைத்தாள். அவள் திருப்பதியில் ஒரு லாட்ஜில் ரூம் சுத்தம் பார்க்கிறவள்; எந்தக் கறை எதனால் வந்தது என்று பார்த்ததும் சொல்லுவாள். தண்ணீர் செம்மண் நிறத்தில் போனபோது, "அரிதாரம் போவுது" என்றாள். முகம் வெளுத்த பிறகும் தண்ணீர் வெளுக்கவில்லை. காலைத் தேய்த்தபோது நாரோடு ஒரு கட்டி வந்தது. அவள் அதைப் பிதுக்கிப் பார்த்தாள். களிமண்.

"வலிக்குதாய்யா?"

"இன்னாது வலிக்குதா?"

அவள் அவர் முழங்காலுக்குக் கீழே விரலை வைத்து அழுத்தினாள். விரல் உள்ளே போனது. அவருக்குக் கூச்சம் வந்து சிரித்தார், சிரிப்பதைப் பார்த்து அவளும் சிரித்தாள், அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்தே நிறுத்தினார்கள். பல வருஷம் முன்னால் அவர், அவள் தம்பி குணாவின் பைக்கை ஓட்டிக்கொண்டு போய் ஏரியில் விட்டபோது சைலன்சர் சுட்ட தழும்பு ஒன்று அவருடைய இடது கெண்டைக்காலில் உண்டு. அதைத் தேடினாள். இல்லை. யாரும் போகத் துணியாத திடலுக்குக் குடையைப் பிடித்துக்கொண்டு தனியாகப் போனாள். திருப்பதி மாவட்டப் பக்கமாக நடந்து மண் காலைப் பார்த்தாள். அதில் தோல் வந்திருந்தது. தோலில் மயிர், மயிரடியில் வியர்வை. கெண்டைக்காலில், கல்யாணப் பந்தித் தாம்பாளம் அகலத்தில், அந்தத் தழும்பு.

அதிலிருந்து அங்கே கூடியது இங்கே குறைந்தது. அங்கே முழங்காலுக்குச் சதை வந்த அன்று இங்கே முழங்கால் களியானது. அங்கே தொடை சூடேறிய அன்று இங்கே தொடையில் வெயில் பட்டு வெடிப்பு விழுந்தது. கன்னிகா வேலைக்குப் போகவில்லை. ஈரச் சாக்கைச் சுற்றிச் சுற்றி அவரைக் காயவிடாமல் பார்த்துக்கொண்டாள். விட்டால் எறும்பு வளை தோண்டியது, முழங்கால் மடிப்பில் அருகு முளைத்தது, வாசலில் ஒரு வெள்ளாடு வந்து நின்றுகொண்டு போகமாட்டேன் என்றது. அவள் அருகைப் பிடுங்குவாள், ஆட்டைத் துரத்துவாள், மறுபடி சாக்கை நனைப்பாள். அவர் குரலும் நாளுக்கு நாள் கீழே இறங்கியது. கொம்பு போன குரல் சங்காகி, சங்கு போய்க் குழந்தையின் ஊதலாகி, வெள்ளிக்கிழமை அவர் பேசக் காதை வாயருகே கொண்டுபோக வேண்டியிருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை உச்சி வெயிலில் திடலிலிருந்து குரல் வந்தது. ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் கேட்டார்கள். பூவராகவனின் பழைய குரல், தறியை மீறும் குரல்.

"கன்னிகா! தண்ணி எட்தா."

வீட்டுக்குள் இருந்தவள், "தோ வரேன்" என்றாள். இத்தனை வருஷத்துப் பழக்கம். வாய் சொல்லிவிட்டது, கை சொம்பை எடுத்துவிட்டது, கால் வாசற்படியைத் தாண்டிவிட்டது. தெருவில் நின்ற பிறகுதான் அவளுக்கு உறைத்தது. திரும்பிப் பார்த்தாள். சாக்குக்குள் கிடந்தவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஓடி வந்து காதைக் கொடுத்தாள்.

"யாருக்கு எட்துக்கினு போற?" என்றார் அவர்.

கன்னிகா அழவில்லை. சொம்புத் தண்ணீரை அவருக்குக் கொடுத்தாள், மிச்சத்தைச் சாக்கின்மேல் ஊற்றினாள். பிறகு நேரே கோயிலுக்குப் போனாள். அங்கே கமிட்டி கூடிப் படுகளத்தை இந்த வருஷம் விட்டுவிடலாமா என்று பேசிக்கொண்டிருந்தது. அடித்தால் பூவராகவனின் கால் போகும் என்றது ஒரு கட்சி. விட்டால் சம்பத் கூந்தல் முடிய முடியாது, தீ மிதிக்க முடியாது, அதைவிட, ஆள் முழுசாக ஆகிவிட்டால் எழுந்து நின்றுவிடுவான், நின்றால் எங்கே போவான் என்றது இன்னொரு கட்சி. எங்கே போவான் என்று எல்லாருக்கும் தெரியும். மேட்டுத் தெருவுக்குப் போவான், தன் வீடு என்று சொல்லிக்கொண்டு. அதை யாரும் வாயால் சொல்லவில்லை. கன்னிகா சொன்னாள்: "வருஷா வருஷம் என் வூட்டுக்காரரு துரியோதனனா போறாரு. தொடையில அடி வுழுந்தப்புறம்தான் கிரீடத்தக் கழட்டிட்டு வூட்டுக்கு வந்து சோறு துன்றாரு. வேற வழியா அவரு திரும்பி வந்து நான் பாத்ததே இல்ல. அடிங்க." ரத்னம்மா தலையில் கையை வைத்துக்கொண்டார். வாயைத் திறக்கப் போனார். சுற்றி இருந்தவர்கள் பாய்ந்து, "அம்மா, நீங்க ஒண்ணும் பேசாதீங்க" என்று கும்பிட்டார்கள்.

அடிக்க வேண்டியவன் குணா. ரேணிகுண்டாவில் ஒரு ஒர்க்ஷாப்பில் லாரி அச்சைத் தனி ஆளாகத் தூக்குகிறவன், அந்த உடம்புக்காகவே பீமனாக்கப்பட்டவன். அவன் அக்கா வீட்டுக்கு வந்து நிலைப்படியில் உட்கார்ந்து, நிலைப்படியையும் சேர்த்து நடுங்கவைத்தான். "யக்கா, மாமாவுக்குக் கால் போயிடும்க்கா."

"போனா போவட்டும். ஒத்தக் காலோட வரட்டும். ஆளு வரணும்."

சாக்குக்குள்ளிருந்து ஊதல் சத்தம் வந்தது. குணா குனிந்து காதைக் கொடுத்தான். "மச்சான், உன் பைக்க ஏரியில வுட்டதுலேர்ந்து என்ன ஒரு போடு போடணும்னுதான பாத்துக்கினு இருந்த? ஊரே கூடி உனக்கு சான்ஸ் குடுக்குது. வுட்றாத." குணா சிரித்தான். சிரித்த வாயோடு அழுதான். அவன் கண்ணீர் மாமாவின் முழங்காலில் விழுந்து சின்னதாக ஒரு குழி பறித்ததைப் பார்த்து அவசரமாகத் துடைத்துக்கொண்டான்.

ஞாயிறு காலை படுகளத்துக்கு வந்த கூட்டத்தை எண்ணப் போனவர்கள் திரும்பி வரவில்லை. காணிப்பாக்கம், புத்தூர், சூளூர்பேட்டை என்று எங்கெங்கிருந்தோ வந்திருந்தார்கள். பயம் என்றால் பஸ் ஏறி வந்து பயப்படுவார்கள் எங்கள் சீமை ஜனங்கள். பூவராகவனை மினி வேனில் ஈரச் சாக்கோடு கொண்டுவந்து, கிரீடம் வைத்து, தோள்கட்டை கட்டி, மண் தொடையோரம் படுக்கவைத்தார்கள். அதை மண் தொடை என்று இனிச் சொல்ல முடியாது. நரம்பு ஓடியது. கடைசிப் பாட்டு எடுக்க அவருக்குக் குரல் இல்லை, மண்ணில் செய்த பெரியவன் எடுத்தான். ஒரு சுருதி பிசகாமல் பூவராகவனின் குரலில் பாடினான். ஆர்மோனியக்காரர் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார், திறக்கத் தைரியமில்லை. பாட்டு முடிந்ததும் அவன் கண்ணைத் திறந்தான். மாட்டு வண்டிச் சக்கரம் அளவுக் கண்கள் மெதுவாகச் சுற்றி வந்து குணாவின்மேல் நின்றன. குணாவின் காலில் கட்டிய சலங்கை நடுக்கத்தில் தானாக ஒலித்தது. மேளக்காரர்கள் அதுதான் தாளம் என்று நினைத்து அதற்கே அடித்தார்கள். குணா கதையைத் தூக்கினான்.

"மச்சான், வேணாண்டா" என்றான் பெரியவன். "நான்டா. உன் மாமாடா. வலிக்கும்டா. கால்ல வுழறேன்டா."

கதை காற்றில் நின்றது. காலடியில் கிடந்த பூவராகவன் ஊதல்கூட இல்லாமல், தலையை மட்டும் ஆட்டினார்: போடு. ஒரே முகம், ஒரே மச்சம், ஒரே உடைந்த பல். ஒன்று கெஞ்சியது, ஒன்று போடு என்றது. குணா அக்காவைப் பார்த்தான்.

"என் வூட்டுக்காரரு இதுவரிக்கும் ஒருத்தன் கால்லயும் வுழுந்தது இல்லடா" என்றாள் கன்னிகா. "அடி."

அடித்தான். அந்தச் சத்தத்தில் திருப்பதிப் பக்கம் மலையில் ஒரு பாறை புரண்டது என்று பேப்பரில் வந்ததாகச் சொல்கிறார்கள். தொடை திறந்தது. வந்த சிவப்பு சூடாக இருந்தது. பானை எத்தனை லிட்டர் என்று கமிட்டிக்குத் தெரியும், வந்தது அதற்கு மேல். சம்பத் கண்ணை இறுக்கிக்கொண்டு அதைத் தொட்டுக் கூந்தலை முடிந்து, முடிந்த வாக்கிலேயே மயங்கி விழுந்தான். மூச்சு நின்றது. அவனோடு சேர்ந்து விட்டுக்கொண்டிருந்த ஊர் மூச்சும் நின்றது. அத்தனை ஜனமும் வாயைத் திறந்துகொண்டு நீலம் பாரித்து நின்றார்கள். பிறகு எங்கோ ஒரு குழந்தை தன் சொந்த மூச்சை இழுத்து வீறிட்டது, அதைக் கேட்டு ஒவ்வொருவருக்கும் அவரவர் மூச்சு திரும்பி வந்தது. பெரியவனின் தோலில் ஒரு நொடியில் வெடிப்பு ஓடியது. மச்சம் பொலபொலவென்று உதிர்ந்தது, மூக்கு உள்ளே விழுந்தது. வெறும் ஏரி மண். கீழே கிடந்த பூவராகவன் கொம்புக் குரலில், வருஷா வருஷம் அந்த நேரத்தில் சொல்வதைச் சொன்னார்: "பசிக்குது."

கன்னிகா சாக்கை விலக்கினாள். வலது கால் சதையும் நகமுமாகத் திரும்பியிருந்தது. இடது கால் தொடை வரைக்கும் பொத்தென்று கட்டி கட்டியாகச் சரிந்து, துரியோதனன் மண்ணோடு கலந்துகொண்டிருந்தது. அவள் அதைக் கையால் அணைத்துச் சேர்ப்பதற்குள் கூட்டம் பாய்ந்தது. மண் அள்ளுகிற நேரம் அல்லவா? வழக்கம் என்றால் வழக்கம்தான்; பயந்தவர்கள் பயத்தோடே அள்ளினார்கள். குத்து விழுந்தது, முந்தானை கிழிந்தது. எது துரியோதனன், எது பூவராகவன் என்று யார் பார்த்தது? கன்னிகா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, "நில்லுங்க! அது என் வூட்டுக்காரர் காலு! தொடாதீங்க!" என்று கத்தினாள். முன்னால் முண்டியவர்கள் சூளூர்பேட்டைப் பக்கத்துத் தெலுங்கு ஜனங்கள். மேளச் சத்தத்தில் அவள் தமிழ் அவர்கள் காதில் ஏறவே இல்லை. கணுக்கால் ஒரு டிபன் பாக்ஸில் போனது. முழங்கால் ஒரு மஞ்சப்பையில் போனது. அப்போது அவள் யோசித்துக் கத்தினாளா, யோசிக்காமல் கத்தினாளா என்று இன்றைக்குக் கேட்டாலும் அவளுக்குச் சொல்லத் தெரியாது. லாட்ஜில் தெலுங்கு யாத்திரீகர்களிடம் லிப்ட் கதவை மூட வேண்டாம் என்று தினமும் கத்துகிற வார்த்தை, அதுதான் வந்தது.

"ஆகு! ஆகு! ஆகு!"

தெலுங்குக்காரர்கள் நின்றார்கள். அவர்கள் நின்றதைப் பார்த்துத் தமிழ்க்காரர்களும் நின்றார்கள். அவர்கள் கையிலிருந்த மண், தமிழ் மண், ஆனது. துரியோதனன் மண் அசையவில்லை. அதற்கு முகம் போய்விட்டது, இனி ஆவதற்கு ஒன்றுமில்லை. ஆனால் பூவராகவன் மண்ணுக்குத் தான் என்னவாக இருந்தோம் என்று மறக்கவில்லை. டிபன் பாக்ஸ்காரர் மூடியைத் திறந்து பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஒருவர் முந்தானையில் குதிகால், வெடிப்போடு. ஒருவர் தொப்பியில் கெண்டைக்கால், சைலன்சர் தழும்போடு. மஞ்சப்பை ஒன்று முட்டி மடக்கி நீட்டியது. எல்லாரும் வெளிறிப்போய், கோயில் குத்துவிளக்கைத் திருப்பித் தருகிற மாதிரி இரண்டு கையாலும் ஏந்தி, ஒவ்வொருவராக வந்து கன்னிகாவிடம் கொடுத்தார்கள். தாமோதரன் உட்கார்ந்து பாகம் பாகமாகப் பூட்டினான். இத்தனை நாள் கம்பெனியில் பூட்டியது இதற்குத்தான் என்று அவன் ஆத்தா சொல்லிக்கொண்டாள். பூட்டி முடித்துப் பார்த்தால் ஒரு பாகம் குறைந்தது. இடது கால் சுண்டுவிரல்.

அது சூளூர்பேட்டை துர்காதேவியிடம் இருந்தது. அவள் எப்போதும் ரயிலுக்கு நேரமாகிவிடும் என்று முதல் ஆளாக ஒரு பிடி அள்ளிக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறி ரேணிகுண்டாவுக்குப் போய்விடுகிறவள். ஆட்டோ நகர்ந்த பிறகுதான் கன்னிகா கத்தினாள். மனுஷருக்குக் கேட்காத தூரம், மண்ணுக்குக் கேட்டுவிட்டது. கூடூர் தாண்டும்போது மடியில் என்னவோ கிச்சுக்கிச்சு மூட்டுகிறதே என்று பார்த்துவிட்டு, பெட்டியே காலியாகிற மாதிரி அலறினாளாம். ஆனாலும் தூக்கி எறியவில்லை. படுகளத்து மண் என்று எடுத்து வந்தது, அரிசி டிரம்மில்தான் போட வேண்டும் என்று போட்டுவிட்டாள். போட்ட நாளிலிருந்து அவள் வீட்டு அரிசியில் ஒரு வண்டு இல்லை.

அன்று சாயங்காலம் தீ மிதித்தார்கள். பூவராகவனும் மிதித்தார், லேசாக இடது பக்கம் சாய்ந்தபடி. தறிகள் ஓடின, மாவு புளித்தது. தாமோதரன் அதற்கப்புறம் துரியோதனனுக்கு முகம் வைப்பதில்லை, ஒரு பூசணிக்காயைக் கவிழ்த்து மீசை மட்டும் வரைகிறான். ரத்னம்மாவுக்குத் தமிழில் நில்லு என்று சொல்லப் பழக்கிவிடலாம் என்று கமிட்டி முடிவெடுத்து, நல்ல வேளையாக அன்றைக்கே யாரோ சுதாரித்துக்கொண்டதால் அதை வாபஸ் வாங்கியது. படுத்திருக்கிற மண்ணைப் பார்த்து நில்லு என்றால் அது எழுந்து நின்று தொலைக்கும். அவர் கழுத்தில் இப்போது பஸ் கண்டக்டர் விசில் ஒன்று தொங்குகிறது. திருவிழா முடிகிறவரை அவர் ஊதத்தான் ஊதுவார், பேசமாட்டார்.

சுண்டுவிரலைத் திருப்பிக் கேட்டுப் பார்த்தார்கள். துர்காதேவி, அடுத்த வருஷம் பாரதத்துக்கு வரும்போது கொண்டுவருகிறேன் என்கிறாள். வருஷா வருஷம் வருகிறாள், வருஷா வருஷம் மறந்துவிடுகிறாள். கன்னிகாவும் வற்புறுத்துவதில்லை. ஆள் வீட்டில் இருக்கிறார், விரல் எங்கே இருந்தால் என்ன? அரிசி அளக்கும்போது பார்த்து அளங்க என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறாள். ஒருமுறை துர்காதேவி பேச்சுச் சுவாரஸ்யத்தில் பார்க்காமல் அளந்து, உலை கொதிக்கிற பானை வரைக்கும் கொண்டுபோய்விட்டாள். நகரியில் தறியடியில் நின்றிருந்த பூவராகவன் காலைத் தூக்கிக்கொண்டு ஒரு குதி குதித்தார், அந்த ஜோரில் நெய்த சேலையில் ஒரு குறுக்குக் கோடு விழுந்தது. அதுவும் நல்ல விலைக்குப் போனது. மற்றபடி தொந்தரவு இல்லை. வெயில் நாளில் விரல் அரிக்கும். இல்லாத இடத்தில் சொறிய முடியாது என்பதால் அவர் பேசாமல் செல்போனைக் கன்னிகாவிடம் நீட்டுவார், கன்னிகா சூளூர்பேட்டைக்குப் போட்டு, "யக்கா, கொஞ்சம் சொறிஞ்சி வுடுங்கக்கா" என்பாள். அந்தப் பக்கம் துர்காதேவி டிரம் மூடியைத் திறந்து அரிசிக்குள் கையை விடுவது கேட்கும். இந்தப் பக்கம் பூவராகவன் கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் கீழ" என்பார்.